நொடிக்கு நூறு முறை நிறையும் ட்ரம்

மும்பை தாராவியில் உள்ள மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் சந்துகளில் வாசலுக்கு வாசல் ஒரு பிளாஸ்டிக் ட்ரம் நிற்கும். மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் நாள் முழுக்க வராது. வரும் கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொண்டால்தான் உண்டு. குழாயில் காற்றுச் சத்தம் கேட்டதும் ஆளாளுக்கு ஹோஸைச் செருகுவார்கள். அதன் பிறகு அந்த வீட்டுக்குத் தண்ணீர் என்றால் ட்ரம்மில் இருப்பதுதான். மொள்ள மொள்ள மட்டம் இறங்கும், மறுபடி வந்ததும் ஏறும்.

அதே வீட்டுப் பரணில் பாதி வேலையோடு கிடக்கும் ஆம்பிளிஃபயர் பெட்டிக்குள்ளும் இதே கதைதான். வேகம் மட்டும் வேறு. பெஸ்ட் நிறுவனம் கம்பியில் அனுப்பும் 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. ட்ரான்ஸ்ஃபார்மர் அதை 12 வோல்ட்டுக்கு இறக்குகிறது. டயோடுகள் கீழ்நோக்கிப் போகும் பாதி அலையையும் மேல்நோக்கிப் புரட்டிவிடுகின்றன. ஆக, நொடிக்கு 100 தடவை மின்சாரம் பொங்கி வந்து வற்றுகிறது. நடுவில் நிற்கும் பெரிய கண்டென்சர்தான் இந்த வீட்டின் ட்ரம்: பொங்கும்போது நிறையும், வற்றும்போது கொடுக்கும். அதன் மட்டம் ஏறி இறங்குவது ஸ்பீக்கரில் கேட்டுவிட்டால், கோயில் கொடைக்கு மைக் செட் போடுகிறவர் முதல் டி.வி. மெக்கானிக் வரை எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்வார்கள்: ‘ஹம் அடிக்குது’.

எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அரை ஆம்பியர் இழுக்கும் ஒரு சர்க்யூட்டுக்கு 2,200 மைக்ரோஃபாரட் கண்டென்சர் போட்டால், இரண்டு நிரப்பலுக்கு இடைப்பட்ட 10 மில்லிநொடியில் மட்டம் ஏறக்குறைய 2.3 வோல்ட் இறங்கும். மைக்கிலிருந்து வரும் பேச்சுச் சத்தமோ மில்லிவோல்ட் கணக்கில்கூட முழுதாகத் தேறாது. ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரிய ஓர் அலையின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் அந்தச் சின்னக் குரல் தன்னைக் கேட்க வைக்க வேண்டும்.

ட்ரம்மைப் பெரிதாக்கினால் அலை குறையும், ஆனால் அடங்காது. அடக்குவதற்கு ரெகுலேட்டர் வேண்டும்.

மும்பையில் அதைத் தேடுகிறவர்களுக்குப் போக்கிடம் ஒன்றுதான். மாட்டுங்கா ரோடில் மேற்கு ரயில்வேயின் ஸ்லோ லோக்கலைப் பிடித்தால் ஆறாவது ஸ்டேஷன் கிராண்ட் ரோடு. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் லேமிங்டன் ரோடு. மாநகராட்சிப் பலகையில் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று எழுதி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. 1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னராக இருந்த லேமிங்டன் பிரபுவை ஐ.சி. வாங்க வருகிறவர்கள் இன்னும் விடவில்லை. எலெக்டர் என்ற எலெக்ட்ரானிக்ஸ் இதழின் இந்தியப் பதிப்பு 1980களில் இந்தக் கிராண்ட் ரோடு வட்டாரத்திலிருந்துதான் வெளிவந்தது. இதழில் சர்க்யூட்டைப் பார்த்து, அதே தெருக்களில் பாகங்களை வாங்கி, வீட்டுக்குப் போய் ஈயம் வைத்த ஒரு தலைமுறை இந்த நகரத்தில் உண்டு.

அவர்கள் வாங்கியதில் தவறாமல் இருந்த பொருள் மூன்று கால் கொண்ட ரெகுலேட்டர். 7805, 7812, அல்லது எல்.எம்.317. அதன் வேலையைப் புரிந்துகொள்ள மறுபடியும் ட்ரம்முக்கே போகலாம். ட்ரம்மின் அடியில் ஒரு குழாய். அதன் திருகில் கை வைத்தபடி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் கண் ட்ரம் மட்டத்தின் மேல் இல்லை, கீழே வாளியில் விழும் தாரையின் மேல் இருக்கிறது. தாரை மெலிந்தால் திருகைத் திறக்கிறார், தடித்தால் மூடுகிறார். ஐ.சி.க்குள் திருகு ஒரு டிரான்சிஸ்டர். கண் ஓர் ஒப்பீட்டு ஆம்பிளிஃபயர். இவ்வளவுதான் தாரை என்று அவர் மனதில் வைத்திருக்கும் அளவு ‘ரெஃபரன்ஸ்’ எனப்படும் ஒரு மாறாத வோல்டேஜ்.

அந்த மாறாத அளவு எங்கிருந்து வந்தது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. சிலிக்கான் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையிலான வோல்டேஜ் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் இறங்கும். வேறு வேறு அடர்த்தியில் மின்னோட்டம் பாயும் இரண்டு டிரான்சிஸ்டர்களின் வோல்டேஜ் வித்தியாசமோ சூட்டுக்கு ஏற்ப ஏறும். இறங்குவதையும் ஏறுவதையும் சரியான விகிதத்தில் கூட்டினால், சூடு எவ்வளவானாலும் பெரிதாக அசையாத ஒரு வோல்டேஜ் கிடைக்கும்: சுமார் 1.2 வோல்ட். ராபர்ட் விட்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1970-ஐ ஒட்டி நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் இந்த உத்தியை மூன்று கால் ரெகுலேட்டருக்குள் கொண்டுவந்தார். கம்பெனி புல்வெளியை மேய ஓர் ஆட்டைக் கொண்டுவந்து கட்டிய ஆள் அவர். வேலையில் மட்டும் விளையாட்டு கிடையாது. அதே நிறுவனத்தின் ராபர்ட் டாப்கின் 1970களில் வடிவமைத்த எல்.எம்.317, இரண்டே ரெசிஸ்டர்களால் வேண்டிய வோல்டேஜை வைத்துக்கொள்ளலாம் என்ற வசதியைத் தந்தது. அரை நூற்றாண்டு ஓடியும் அது கடைகளை விட்டுப் போகவில்லை.

ஆனால் அந்த 1.2 வோல்ட்டுக்குள்ளேயே ஒரு குறை ஒளிந்திருக்கிறது. இரண்டு டிரான்சிஸ்டர்களின் வித்தியாசம் மிகச் சிறியது. அதைப் பல மடங்கு பெருக்கினால்தான் கூட்டல் சரிவரும். பெருக்கும்போது வோல்டேஜோடு சேர்ந்து எலெக்ட்ரான்களின் இயல்பான சலசலப்பும் பெருகுகிறது. பிறகு 1.25 வோல்ட்டை 12 வோல்ட்டாக்க மறுபடியும் ஒன்பதரை மடங்கு பெருக்கல். எல்.எம்.317-இன் தகவல் தாளில் வெளியீட்டு இரைச்சல் வெளியீட்டு வோல்டேஜில் 0.003 விழுக்காடு என்று இருக்கும். 12 வோல்ட்டுக்கு அது 360 மைக்ரோவோல்ட். ஹம் போல ‘ம்ம்ம்’ என்று இருக்காது. எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் போட்டது போல ‘ஸ்ஸ்ஸ்’ என்றிருக்கும்.

ஆக, ரெகுலேட்டரிடம் இரண்டு தனித்தனிக் கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து வரும் அலையை எவ்வளவு தடுக்கிறாய்? நீயாக எவ்வளவு சத்தம் போடுகிறாய்? முதல் கேள்விக்கு எல்.எம்.317 நன்றாகவே பதில் சொல்லும். சாதாரணமாக 65 டெசிபெல், அட்ஜஸ்ட் காலில் 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று வைத்தால் 80 டெசிபெல். அதாவது நாம் முன்பு பார்த்த 2.3 வோல்ட் அலை பத்தாயிரத்தில் ஒரு பங்காகி, கால் மில்லிவோல்ட்டுக்கும் கீழே அடங்கிவிடும். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் கண்டென்சர் ஐந்தரை மடங்கு லாபம் தருகிறது. அதைப் போடாமல் விட்டுவிட்டு ஐ.சி.யைத் திட்டுகிறவர்கள் ஏராளம்.

திட்டு வாங்கும் இன்னொரு சந்தர்ப்பம் சாயங்காலம். பகலில் சுத்தமாகப் பாடிய பெட்டி, விளக்கு வைத்த நேரத்தில் ஹம் அடிக்கத் தொடங்கும். பேய் பிசாசு ஒன்றுமில்லை. 12-0-12 ட்ரான்ஸ்ஃபார்மரின் உச்சம் 17 வோல்ட். டயோடு எடுத்துக்கொள்வது போக 16.3. அலையின் பள்ளம் 14. எல்.எம்.317 வேலை செய்ய, வெளியே கொடுப்பதைவிட உள்ளே ஏறக்குறைய 2 வோல்ட் கூடுதலாக வேண்டும். 12 வோல்ட் கேட்டால் 14 வோல்ட் வேண்டும்: நூலிழையில் தப்பிக்கிறது. எல்லா வீட்டிலும் மிக்சியும் ஃபேனும் ஓடி, வோல்டேஜ் பத்து விழுக்காடு இறங்கினால் பள்ளம் 12.3-க்கு வந்துவிடும். திருகை முழுசாகத் திறந்து வைத்தாலும் ட்ரம்மில் மட்டம் இல்லையென்றால் தாரை மெலியத்தான் செய்யும். நொடிக்கு நூறு தடவை மெலிகிறது. அதுவே ஹம். 12 வோல்ட்டுக்குப் பதில் 9 வோல்ட்டோடு திருப்தியடைந்தால் பிரச்சினை தீர்ந்தது.

குறைந்த இரைச்சல் ரெகுலேட்டருக்கான ஆசை ஆடியோக்காரர்களுக்கு நெடுநாளாக உண்டு. அமெரிக்காவின் ‘தி ஆடியோ அமெச்சூர்’ இதழில் மைக் சல்சர் 1980-ஐ ஒட்டி ஒரு வடிவத்தைக் கொடுத்தார். 1995-இல் வால்ட் ஜங் அதே இதழில் வெளியிட்ட ‘சூப்பர் ரெகுலேட்டர்’ உலகம் முழுக்கப் பொழுதுபோக்குக்காரர்களின் பெஞ்சுகளுக்குப் போனது. இரண்டிலும் நல்ல ஆப்-ஆம்ப் (ஆம்பிளிஃபயர் ஐ.சி.) ஒன்று, ரெஃபரன்ஸின் சலசலப்பை வடிகட்ட ஒரு ரெசிஸ்டரும் கண்டென்சரும், கூடவே நிறையப் பொறுமை.

அந்தப் பொறுமைக்குப் பதிலாக வந்தது லீனியர் டெக்னாலஜி 2016-இல் வெளியிட்ட எல்.டி.3045. 1981-இல் டாப்கினும் மற்றவர்களும் தொடங்கிய நிறுவனம் அது. இப்போது அனலாக் டிவைசஸின் கையில் இருக்கிறது. இந்த ஐ.சி. போகும் வழியே வேறு. சிறு வோல்டேஜைப் பெருக்கும் வேலையே இதில் இல்லை. உள்ளே இருந்து 100 மைக்ரோஆம்பியர் மின்னோட்டம் ஒரு ரெசிஸ்டருக்குள் பாய்கிறது. 33,200 ஓம் வைத்தால் 3.3 வோல்ட். அந்த ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு கண்டென்சர் வைத்தால் ரெஃபரன்ஸின் சலசலப்பு அங்கேயே அடங்குகிறது. பிறகு அந்த வோல்டேஜை ஒன்றுக்கு ஒன்றாக நகலெடுத்து வெளியே கொடுப்பது மட்டுமே வேலை. விளைவு, 10 ஹெர்ட்ஸிலிருந்து ஒரு லட்சம் ஹெர்ட்ஸ் வரை மொத்தமாக 0.8 மைக்ரோவோல்ட் இரைச்சல். எல்.எம்.317-இன் 360-ஐ இதோடு ஒப்பிட்டால் நானூறு மடங்குக்கு மேல். அந்த 360-ம் 10,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் மட்டுமே எடுத்த கணக்கு.

இதன் சிறிய வகையின் அளவோ 3 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர். அரிசியைவிடக் கொஞ்சம் அகலம். கால்கள் அடியில் ஒளிந்திருக்கும். சாதாரண சோல்டரிங் அயர்னால் கிட்டே போக முடியாது. அதனால்தான் இதைப் பலரும் தனி ஐ.சி.யாக வாங்காமல், பாகங்கள் ஏற்கெனவே பொருத்திய சின்ன போர்டாக வாங்குகிறார்கள். இரண்டு, நான்கு ஐ.சி.க்களை இணையாக வைத்த போர்டுகளும் வருகின்றன. நான்கை இணைத்தால் இரைச்சல் நாலில் ஒன்றாகாது, பாதியாகும். ஒவ்வொன்றின் சலசலப்பும் தனித்தனிப் போக்கில் இருப்பதால் ஒன்றையொன்று கொஞ்சம் அழித்துக்கொள்கின்றன.

ஓர் எச்சரிக்கை இங்கேயே. இதன் உள்ளீட்டு எல்லை 20 வோல்ட். 15-0-15 ட்ரான்ஸ்ஃபார்மர், டயோடு இழப்பு போகவே 20.5 வோல்ட் கொடுக்கும். சுமை இல்லாதபோது இன்னும் ஏறும். பரணில் கிடக்கும் பழைய ட்ரான்ஸ்ஃபார்மரைச் சோதிக்காமல் இணைத்தால், வாங்கி வந்த போர்டு பாட்டுக்கு முன்பே புகையைத்தான் தரும்.

இப்போது கொஞ்சம் சங்கடமான கேள்வி. இவ்வளவு சுத்தம் எதற்கு?

என்.இ.5532 என்ற ஆப்-ஆம்ப்பை எடுத்துக்கொள்வோம். ப்ரீ-ஆம்ப், டோன் கன்ட்ரோல் எதைத் திறந்தாலும் அதுதான் இருக்கும். சப்ளை வழியாக வரும் சலசலப்பைத் தானாகவே 100 டெசிபெல் தடுக்கக்கூடியது. அதாவது லட்சத்தில் ஒரு பங்கு. எல்.எம்.317-இன் 360 மைக்ரோவோல்ட் அதைத் தாண்டி உள்ளே வரும்போது 3.6 நானோவோல்ட். ஆனால் 5532-இன் சொந்த இரைச்சல், காது கேட்கும் எல்லைக்குள், 0.7 மைக்ரோவோல்ட். உள்ளே கசிவதைவிட ஏறக்குறைய 200 மடங்கு. அதிர்வெண் ஏற ஏற அந்தத் தடுப்பு பலவீனமாகும் என்பது உண்மைதான். அப்படியிருந்தும், 5532 ப்ரீ-ஆம்ப்புக்கு எல்.டி.3045 போர்டு வாங்குவது மாட்டுங்கா மார்க்கெட்டில் பூ வாங்கக் கார் பிடித்துப் போவது போல. போகலாம், தப்பில்லை. பூ அதே பூதான்.

மைக்கின் கதை வேறு. ரஜினிகாந்த் நடித்த ‘காலா’ 2018-இல் வந்தபோது, அதன் பாடல்களில் ஒலித்த டோப்அடெலிக்ஸ் குழு தாராவியின் ராப் இசையைத் தமிழ்நாட்டுக்கும் கொண்டுபோனது. ராப் எழுத நோட்டுப் புத்தகம் போதும், பதிவுசெய்ய மைக் வேண்டும். கைக்கு எட்டும் விலையில் கிடைப்பது எலெக்ட்ரெட் கேப்சூல். அதற்கு ஒரு ரெசிஸ்டர் வழியாக வோல்டேஜ் கொடுக்க வேண்டும், அதே கம்பியில்தான் குரலும் வெளியே வரும். இங்கே சப்ளைக்கும் குரலுக்கும் நடுவில் தடுப்புச் சுவர் எதுவும் இல்லை. சற்றுத் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசினால் இவ்வகை மைக்கில் கிடைப்பது சுமார் 200 மைக்ரோவோல்ட். 5 வோல்ட்டுக்கு வைத்த எல்.எம்.317 போடும் சத்தம் 150. குரலும் இரைச்சலும் தோளோடு தோள் உரசி நிற்கும்.

இங்கே குறைந்த இரைச்சல் போர்டு நிஜமாகவே வேலை செய்யும். அதைவிட மலிவான வைத்தியமும் உண்டு. ரெகுலேட்டருக்கும் மைக்குக்கும் நடுவில் 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 100 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று. மைக் குடிக்கும் மின்னோட்டம் அரை மில்லிஆம்பியர் சுற்றளவுதான் என்பதால் ரெசிஸ்டரில் பெரிதாக எதுவும் இழக்காது. ஆனால் 1,000 ஹெர்ட்ஸ் இரைச்சலை இந்த ஜோடி அறுநூறில் ஒரு பங்குக்கும் கீழே தள்ளிவிடும். பஸ் டிக்கெட்டை விடக் குறைந்த செலவு.

உயர்தர போர்டுக்கு உரிய இடங்கள் குறைவு, ஆனால் உண்டு. டிஜிட்டல் இசையை அனலாகாக மாற்றும் டி.ஏ.சி. சிப், அதற்குத் தாளம் போடும் கடிகார ஆஸிலேட்டர். பொழுதுபோக்குக்காரர்களிடம் பரவலாக உள்ள பி.சி.எம்.5102ஏ சிப்பின் முழு வெளியீடு 2.1 வோல்ட், இரைச்சல் தரையோ அதற்கு 112 டெசிபெல் கீழே. கணக்குப் போட்டால் 5 மைக்ரோவோல்ட் சுற்று. கடிகாரத்துக்குப் போகும் வோல்டேஜ் நடுங்கினால் தாளம் முன்பின்னாகும். எல்.டி.3045-ஐ உண்மையில் எந்த வேலைக்காகச் செய்தார்களோ அந்த ரேடியோ அலைவரிசைச் சர்க்யூட்களிலும் இதே கவலைதான். மொபைல் சார்ஜர், யு.எஸ்.பி. போன்ற ஸ்விட்சிங் சப்ளையிலிருந்து ஓட்டும்போதும் இது கைகொடுக்கும். சார்ஜரின் சலசலப்பு பல பத்தாயிரம், லட்சம் ஹெர்ட்ஸில் இருக்கும், அங்கே பழைய ரெகுலேட்டரின் பிடி தளர்ந்துவிடும். 3045-ஓ பத்து லட்சம் ஹெர்ட்ஸில்கூட 76 டெசிபெல் தடுக்கும்.

இத்தனையும் வாங்கி வந்து, பெட்டியின் ஒரு மூலையில் போர்டையும் எதிர் மூலையில் டி.ஏ.சி.யையும் வைத்து, நடுவில் 20 சென்டிமீட்டர் கம்பி இழுத்தால் என்ன ஆகும்? அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, போக வர 40 சென்டிமீட்டர், சுமார் 14 மில்லிஓம். சுமை 100 மில்லிஆம்பியர் ஏறி இறங்கினால் கம்பியிலேயே 1.4 மில்லிவோல்ட் ஆடும். அது 0.8 மைக்ரோவோல்ட்டைப் போல 1,700 மடங்கு. கையகல போர்டின் பெருமையை முழங்கையளவு கம்பி தின்றுவிடுகிறது. போர்டு, அது யாருக்கு வேலை செய்கிறதோ அவர்கள் பக்கத்தில் ஒட்டி உட்கார வேண்டும்.

எர்த் இணைப்பிலும் இதேபோல் ஒரு பொறி. ட்ரம் சீராக நிறைவதில்லை. அலையின் உச்சியில் சில மில்லிநொடிக்குள் அடித்துப் பிடித்து நிறைகிறது. அந்த நேரத்தில் ஓடும் மின்னோட்டம் சராசரியைவிடப் பல மடங்கு. அது ஓடும் கம்பியிலேயே மைக்கின் எர்த்தையும் தொட்டுவிட்டால், எந்த ரெகுலேட்டரைப் போட்டாலும் 100 ஹெர்ட்ஸ் உறுமல் போகாது. கண்டென்சரின் எர்த் முனையைத் தாண்டி ஒரே புள்ளியில் மற்ற எல்லாவற்றையும் சேர்ப்பதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

இவ்வகை ரெகுலேட்டர்களுக்கு லீனியர் என்று பெயர். அந்தப் பெயருக்கு ஒரு விலையும் உண்டு. திருகு தடுத்து நிறுத்தும் வோல்டேஜ் எங்கும் போய்விடுவதில்லை, சூடாகிறது. 9 வோல்ட்டை 5 ஆக்கி அரை ஆம்பியர் கொடுத்தால் 2 வாட் சூடு. ஹீட் சிங்க் இல்லாத 7805 ஒரு வாட்டுக்கு 60 டிகிரி அளவில் சூடேறும். ஆக 120. அதன் மேல் மும்பையின் மே மாதம் 33. ஐ.சி. தாங்கும் 125-ஐத் தாண்டிப் போய்விட்டது. அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், ஆறியதும் விழித்துக்கொள்ளும், பாட்டு விட்டு விட்டு வரும். ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய பவர் ஆம்பிளிஃபயருக்கு ரெகுலேட்டரே வைக்காமல் ட்ரம்மிலிருந்து நேராகக் கொடுப்பதற்கு இந்தச் சூடும் ஒரு காரணம்.

சுத்தமான டி.சி.யைத் தேடும் இந்தத் தொழில் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. தாராவியின் இரு பக்கமும் ஓடும் லோக்கல் ரயில்கள் இதே வேலையை மலையளவில் செய்து பார்த்தவை. 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது 1,500 வோல்ட் டி.சி.யில்தான். பிறகு பல பத்தாண்டுகள் துணைமின் நிலையங்களில் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றித்தான் கம்பியில் விட்டார்கள். மேற்கு ரயில்வே 2012-இலும், மத்திய ரயில்வே 2015-இலும், ஹார்பர் லைன் 2016-இலும் 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாறி முடித்தன. மாற்றும் வேலை இப்போது வண்டிக்குள்ளேயே நடக்கிறது.

வாங்கிய போர்டு அசலா போலியா, சொன்னபடி அமைதியாக இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி? மல்டிமீட்டருக்கு மைக்ரோவோல்ட் தெரியாது. ஆனால் காது இருக்கிறது. 5532-ஐ வைத்து ஆயிரம் மடங்கு பெருக்கும் ஒரு சின்ன ஆம்பிளிஃபயர், பேட்டரியில் ஓடுவது, ஒரு ஹெட்ஃபோன். ரெகுலேட்டர் வெளியீட்டை ஒரு கண்டென்சர் வழியாக அதற்குள் விட வேண்டும். கண்டென்சர் டி.சி.யை நிறுத்தி, சலசலப்பை மட்டும் அனுப்பும். இணைக்கும்போது ஹெட்ஃபோன் காதில் இருக்கக் கூடாது. கண்டென்சர் நிறையும் அந்த ஒரு கணம் ‘டம்’ என்று அடிக்கும்.

முதலில் எல்.எம்.317-ஐ இணைத்தால் அப்பளம் பொரிவது தெளிவாகக் கேட்கும். அட்ஜஸ்ட் காலில் கண்டென்சரைத் தொட்டதும் அது பாதிக்கு மேல் தணியும். பிறகு எல்.டி.3045. ஏதோ மெல்லிய காற்றுச் சத்தம் வரும். போர்டைக் கழற்றிவிட்டு ஆம்பிளிஃபயரின் வாயை எர்த்தோடு சேர்த்துப் பார்த்தால் அதே காற்றுச் சத்தம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது ரெகுலேட்டரை அல்ல, 5532-ஐத்தான்.